வீட்டு வேலைக்கு மின் கருவி: கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

கோடை உழவு முடிந்து மழைக்குக் காத்திருக்கும் நாட்களில்தான் வீட்டு வேலைகள் கண்ணில் படும். மாட்டுக்கொட்டகையின் தகரம் காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஆட்டுப்பட்டியின் கதவு ஒரு கீலில் தொங்கும். வெல்டரையோ ஆசாரியையோ கூப்பிட்டால் ‘நாளைக்கு வர்றேன்’ என்பார். அந்த நாளை வருவதற்கு ஒரு வாரம் ஆகும். ‘சின்ன வேலையை நாங்களே செய்துகொள்கிறோம், எந்த மெஷின் வாங்கலாம்?’ என்று பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும் அவர்களுக்காக.

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு, எட்டு ஆடு. கொட்டகைத் தகரம் மாற்ற வேண்டும், ஆட்டுக்குப் பரண் கட்ட வேண்டும். ஒரு கிடாய் விற்ற பணம் 7,000 ரூபாய் தனியாக இருக்கிறது. ட்ரில், கட்டிங் மெஷின், பிட், ஸ்பானர் எல்லாம் சேர்ந்த பெட்டி ஒன்றைச் சந்தையில் 2,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். டவுன் கடையில் ட்ரில் ஒன்றுக்கே அந்த விலை சொல்கிறார்கள். வீட்டுக்காரர் பெட்டியையே வாங்கலாம் என்கிறார். எது சரி ஐயா?
— வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டம்

பதில்: முதலில் கடைக்குப் போகாமல், ஒரு தாளில் அடுத்த ஒரு வருடத்துக்கு வீட்டில் என்னென்ன வேலை இருக்கிறது என்று எழுதுங்கள். தகரத்தை ஆங்கிளில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும், சுவரில் ஓட்டை போட்டுக் கொக்கி மாட்ட வேண்டும், பைப்பை அளவாக அறுக்க வேண்டும், பரணுக்குப் பலகை அடிக்க வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தால், சிறு விவசாயி வீட்டு வேலையில் பெரும்பகுதி இரண்டு மெஷினில் அடங்கிவிடும். ஒன்று 13 மி.மீ. சக் உள்ள இம்பேக்ட் ட்ரில். இன்னொன்று 4 அங்குல, அதாவது 100 மி.மீ. கட்டிங் மெஷின். இவற்றிலும் முதலில் வாங்க வேண்டியது ட்ரில்தான். பைப் அறுக்கக் கைரம்பம் போதும்; நேரம்தான் கொஞ்சம் கூடும்.

ட்ரில்லில் கவனிக்க வேண்டியவை மூன்று. சுவிட்சை அழுத்துகிற அளவுக்கு வேகம் கூடிக் குறைய வேண்டும். முன்னும் பின்னும் சுழல வேண்டும். பின்சுழற்சி இருந்தால்தான் சிக்கிய பிட்டையும் மாட்டிய ஸ்க்ரூவையும் வெளியே எடுக்க முடியும். சுத்தியல் அடிப்பை நிறுத்தவும் போடவும் தனிக் குமிழ் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் சுவருக்கு அடிப்பைப் போட்டும், இரும்புக்கும் மரத்துக்கும் நிறுத்தியும் வேலை செய்ய வேண்டும். தினமும் கான்கிரீட் தளத்தில் ஓட்டை போடும் வேலை இருந்தால், எஸ்.டி.எஸ். பிட் மாட்டும் ரோட்டரி ஹேமர் என்ற வேறு மெஷின் தேவைப்படும். வீட்டுக்கு அது வேண்டியதில்லை.

சந்தைப் பெட்டியின் உள்ளே இருப்பதை எண்ணிப் பாருங்கள். 30 சாமான் என்றால் 28 சாமான் பிட்டும் ஸ்பானருமாக இருக்கும். மெதுவான இரும்பில் செய்த பிட், ஒரு ஆங்கிளில் இரண்டு ஓட்டை போடுவதற்குள் முனை மழுங்கிவிடும். அதன்பின் வீட்டுக்காரர் ட்ரில்லைப் பலமாக அழுத்துவார், மெஷின் சூடாகும், காயில் கருகும். பிட் கெட்டதால் மெஷின் போனது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இந்த 7,000 ரூபாயில் பெயர் தெரிந்த கம்பெனியின் ட்ரில் ஒன்றை பில்லோடு வாங்குங்கள். இரும்புக்கு ஹெச்.எஸ்.எஸ். பிட் நான்கு, சுவருக்குக் கார்பைடு முனை பிட் மூன்று, கண்ணாடி ஒன்று, நல்ல எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று வாங்கி, மிச்சத்தை வைத்திருங்கள். கட்டிங் மெஷினை அடுத்த கிடாய் விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மட்டமான மெஷினைவிட ஒரு நல்ல மெஷின் குடும்பத்துக்கு உதவும்.

கேள்வி: எல்லா மெஷினும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. படிக்காதவர்கள் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், துறையூர் வட்டம்

பதில்: மாடு வாங்கப் போகும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். மெஷினுக்கும் அப்படிப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. பத்து நிமிடம் போதும்.

முதலில் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். வோல்ட் 230 அல்லது 220-240 என்றும், 50 ஹெர்ட்ஸ் என்றும் இருக்க வேண்டும். வாட்ஸ், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, தயாரித்த கம்பெனியின் பெயரும் முகவரியும், வரிசை எண் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால், கரண்ட் உடம்புக்கு வராதபடி உள்ளே இரட்டைக் காப்பு செய்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு இரண்டு முனை பிளக் இருக்கலாம். அந்தக் குறி இல்லாத மெஷினுக்குக் கட்டாயம் மூன்று முனை பிளக்கும் எர்த்தும் வேண்டும். குறியும் இல்லை, எர்த் முனையும் இல்லை என்றால் அதைக் கையில் பிடிக்கவே கூடாது.

வாட்ஸ் அதிகம் என்பதற்காக மயங்க வேண்டாம். தகட்டில் எழுதுவது பெரும்பாலும் மெஷின் இழுக்கிற கரண்டின் அளவு. அது செய்கிற வேலையின் அளவு அல்ல. ஒரே அளவு வாட்ஸ் போட்ட இரண்டு மெஷினை இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள். ஒன்று வெகுவாக எடை குறைந்திருந்தால், உள்ளே செம்பும் இரும்பும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, சக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் சரியில்லை. ஒரு பிட் மாட்டி மெதுவாக ஓடவிடுங்கள். பிட்டின் நுனி வட்டம் போடாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காற்றுத் துவாரம் வழியாகப் பாருங்கள். கார்பன் உரசும் இடத்தில் சின்னப் பொறி வரும், அது இயல்பு. வட்டமாகத் தீ ஓடினால் வேண்டாம். ஒயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் வளையாமல் காக்கும் ரப்பர் குழாய் இருக்க வேண்டும். ஒயர் அங்கேதான் முதலில் அறும்.

கடைசியாக, கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த மாடலுக்குக் கார்பன் பிரஷ் உங்களிடம் இருக்கிறதா? எடுத்துக் காட்டுங்கள்.’ கார்பன் பிரஷ் என்பது தேய்வதற்காகவே வைத்த பாகம். வண்டிக்கு பிரேக் கட்டை தேய்வதுபோல அதுவும் தேயும். விலையும் அதிகம் இல்லை. அதை எடுத்துக் காட்ட முடியாத கடையில், நாளைக்கு ஆர்மேச்சரும் சுவிட்சும் கிடைக்கப் போவதில்லை. கிராமத்துக்கு நல்ல மெஷின் என்பது பக்கத்து டவுனில் ரிப்பேர் செய்ய முடிகிற மெஷின். எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்கும் இதுவே பதில். உங்கள் டவுனில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டரும் உதிரிபாகமும் இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

பில் வாங்காமல் வராதீர்கள். மெஷினின் வரிசை எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாரன்டி மறுத்தாலோ, போலிச் சரக்கு என்று தெரிந்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பில் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது.

கேள்வி: எங்கள் பக்கத்தில் கட்டிங் மெஷினில் மரம் அறுக்கும் பல் வீல் மாட்டி வேலிக்கால் அறுக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது. தனியாக மர ரம்பம் வாங்க வேண்டுமா?
— வாசகர், மணப்பாறை வட்டம்

பதில்: அந்தப் பல் வீலை இன்றைக்கே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். இந்தப் பகுதியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

4 அங்குல கட்டிங் மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இரும்பு அறுக்கும் கல் வீல் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அறுக்கும். பல் வீல் அப்படி இல்லை. மரத்தைக் கடித்து இழுக்கும். ஒரு கணு வந்தாலோ, அறுத்த வாய் மூடிக்கொண்டாலோ பல் சிக்கிக்கொள்ளும். அப்போது சுழலும் விசை முழுவதும் மெஷினைத் தூக்கி அடிக்கும். அது தொடைக்கு வரும், கைக்கு வரும், கழுத்துக்கும் வரும். சுவிட்சைப் பூட்டி வைத்திருந்தால் கையிலிருந்து விழுந்த பிறகும் நிற்காது.

மரம் அறுக்கும் வட்ட ரம்பம் நிமிடத்துக்கு 5,000 சுற்று அளவில் ஓடும்படி செய்தது. மரத்தின் மேல் படியும் தட்டு, தானாக மூடிக்கொள்ளும் உறை, இரண்டு கைப்பிடி எல்லாம் அதில் இருக்கும். கட்டிங் மெஷினில் இவை எதுவும் இல்லை. செயின் சா சங்கிலி பதித்த வட்டு ஒன்றும் கட்டிங் மெஷினுக்கு என்று விற்கிறார்கள். அது இதைவிட மோசம். நாலு வேலிக்கால் அறுக்கக் கைரம்பம் போதும். தென்னை, புளி அறுக்கும் அளவுக்கு வேலை இருந்தால் செயின் பிரேக் உள்ள செயின் சாவை, ஓட்டத் தெரிந்த ஆளோடு வாடகைக்கு எடுப்பது நல்லது.

இரும்பு வேலைக்குக் கட்டிங் மெஷின் வாங்குபவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வீலை மூடும் காப்பு உறை கெட்டியான தகட்டில் இருக்க வேண்டும். அதை எந்தக் காரணத்துக்கும் கழற்றக் கூடாது. பக்கக் கைப்பிடி இருக்க வேண்டும். எப்போதும் இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டும். வீலில் அச்சிட்ட வேகம், மெஷின் தகட்டில் உள்ள வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 100 மி.மீ. வீலில் 15,000 சுற்றுக்கு மேல் போட்டிருப்பார்கள், அது சரி. 7 அங்குல வீல் 8,500 சுற்று வரைதான் தாங்கும். உறையைக் கழற்றிவிட்டு அதைச் சின்ன மெஷினில் மாட்டினால் வீல் துண்டு துண்டாகச் சிதறும்.

கல் வீலுக்கும் காலாவதி உண்டு. பல கம்பெனிகள் வீலின் நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். ஈரத்தில் கிடந்த வீல், கீழே விழுந்த வீல், ஓரம் உடைந்த வீல் எல்லாம் குப்பைக்குத்தான். அறுக்கும் மெல்லிய வீலின் பக்கவாட்டில் எதையும் தீட்டக் கூடாது. தீட்டுவதற்கு 6 மி.மீ. அளவில் தடித்த வீல் தனியாக உண்டு.

கேள்வி: அரிவாள், மண்வெட்டியைக் கட்டிங் மெஷினில் தீட்டினால் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. மெஷின் சரியில்லையா?
— வாசகர், அறந்தாங்கி வட்டம்

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, சூடுதான் காரணம். கொல்லர் அந்த விளிம்புக்குப் பதம் ஏற்றி வைத்திருக்கிறார். மெஷினில் ஒரே இடத்தில் அழுத்தித் தீட்டும்போது விளிம்பு நீல நிறமாக மாறும். நீலம் வந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

தடித்த கல் வீலுக்குப் பதிலாக, உப்புத்தாள் மடல் அடுக்கிய ஃபிளாப் வீல் மாட்டுங்கள். அழுத்தாமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடவிக்கொண்டே போங்கள். இரண்டு தடவைக்கு ஒருமுறை தண்ணீரில் நனையுங்கள். மெஷினை அணைத்துக் கீழே வைத்த பிறகுதான் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும். மண்வெட்டிக்கு இது போதும். கதிர் அரிவாளுக்கு அரமும் சாணைக் கல்லுமே நல்லது.

கேள்வி: இரண்டு வருடத்தில் மூன்று ட்ரில் காயில் கருகிவிட்டது. எங்கள் பகுதியில் லோ வோல்டேஜ். கொட்டகை வீட்டிலிருந்து 100 அடி தள்ளி இருக்கிறது. கிணற்று மோட்டார் ஷெட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், திருவாடானை வட்டம்

பதில்: லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் கருகும். ட்ரில் வேறு மாதிரி கருகுகிறது. வோல்டேஜ் குறைந்தால் அதன் வேகமும் இழுவையும் குறையும். வேலை ஆகவில்லை என்று அழுத்துவோம். வேகம் இன்னும் குறையும். மெஷினைக் குளிர்விக்கும் சின்ன விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. வேகம் குறையும்போது காற்றும் குறைந்து, சூடு உள்ளேயே தங்கி, காயில் கருகிவிடும். ஆகவே வோல்டேஜ் குறைந்த நேரத்தில் வேலையைத் தள்ளி வையுங்கள். மெஷின் திணறினால் அழுத்துவதை நிறுத்தி, சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். உடனே அணைப்பதைவிட, இப்படி ஓடவிட்டால் சூடு சீக்கிரம் இறங்கும்.

உங்கள் வீட்டில் எக்ஸ்டென்ஷன் ஒயரும் ஒரு காரணமாக இருக்கலாம். 100 அடி தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. ஒயர் போட்டு 2,000 வாட்ஸ் மெஷினை ஓட்டினால், ஒயரிலேயே ஏறக்குறைய 12 வோல்ட் போய்விடும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால் இழப்பு பாதியாகும். ஏற்கெனவே 190 வோல்ட் வரும் இடத்தில் இந்த 12 வோல்ட் பெரிய விஷயம். ஒயரைச் சுருட்டி வைத்தபடி பயன்படுத்தினால் சுருளே சூடாகி உருகும். முழுவதையும் விரித்துப் போடுங்கள். ஒயரின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும்.

மோட்டார் ஷெட்டிலிருந்து எடுக்க வேண்டாம். அங்கே வருவது மும்முனை கரண்ட். இரண்டு பேஸுக்கு நடுவில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மாட்டிய நொடியில் மெஷின் போய்விடும். சில இடங்களில் ஒரு பேஸ் எடுத்து, எர்த் கம்பியை நியூட்ரலாக வைத்து ஓட்டுகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. எர்த் கம்பி எங்காவது விட்டுப்போனால், அதில் தொட்டுக்கொண்டிருக்கும் மோட்டார் உடம்பு, பைப், ஈரத் தரை எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும். மேலும், இலவச விவசாய இணைப்பு பம்ப்செட்டுக்காகக் கொடுத்தது. வேறு எதற்கு அனுமதி உண்டு என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கரண்ட் இல்லாத தோட்டத்தில் வேலை. பேட்டரி ட்ரில் வாங்கலாமா? 48 வோல்ட், 88 வோல்ட் என்றெல்லாம் விற்கிறார்கள்.
— வாசகர், சிவகிரி

பதில்: பேட்டரி ட்ரில் தோட்டத்துக்கு நல்லதுதான். பந்தல் கம்பி இறுக்க, தகரத்தில் ஸ்க்ரூ போட, சொட்டுநீர்ப் பைப்பில் ஓட்டை போட வசதி. ஒயர் இல்லாததால் ஷாக் பயமும் இல்லை. ஆனால் பெட்டியில் போட்ட எண்ணை நம்பி வாங்கக் கூடாது.

ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட். ஐந்து செல் சேர்ந்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல்லை முழுவதும் சார்ஜ் செய்த நிலையில் அளந்து 20 வோல்ட் என்றும் சில கம்பெனிகள் எழுதுகின்றன. இரண்டும் ஒன்றுதான். 88 வோல்ட் வேண்டும் என்றால் இருபதுக்கும் மேல் செல் வேண்டும். அது உள்ளங்கையில் அடங்குகிற பேட்டரியில் நடக்காது. வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேறு எழுத்தைச் சேர்த்து அச்சிட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பேட்டரியைத் தனியாகக் கழற்றிக் கையில் எடைபோட்டுப் பாருங்கள். ஐந்து செல் இருந்தால் செல் மட்டுமே 200 கிராமைத் தாண்டும்.

வோல்ட்டோடு ஆம்பியர்-அவரையும் பாருங்கள். 18 வோல்ட் 4 ஆம்பியர்-அவர் பேட்டரி, 2 ஆம்பியர்-அவர் பேட்டரியைவிட இருமடங்கு நேரம் ஓடும். பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். மெஷின் நன்றாக இருக்கும்போதே பேட்டரி ஓய்ந்துவிடும் என்பதால் இது முக்கியம். ஒரே பேட்டரியில் ட்ரில்லும் கைத்தெளிப்பானும் ஓடும் கம்பெனி என்றால் செலவு குறையும். பேட்டரியை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. யூடியூப் பார்த்து அவனே கட்டிங் மெஷின் பிடிக்கிறான். கொட்டகைத் தரை எப்போதும் ஈரம். பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, வேடசந்தூர் வட்டம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. கட்டிங் மெஷின் பையனின் கைக்கு வேண்டாம். அது திமிறினால் அடக்கப் பெரியவர் கைக்கே பலம் வேண்டும். ஆர்வத்தைத் தடுக்க வேண்டியதில்லை. ட்ரில்லில் பலகையில் ஓட்டை போடுவதை, பெரியவர் பக்கத்தில் நிற்க, கற்றுக்கொள்ளட்டும். மெஷினைப் பூட்டி வைத்து, சாவியைப் பெரியவர் வைத்திருக்க வேண்டும். பிட்டையோ வீலையோ மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஈரத் தரைக்கு ஒரு வழி உண்டு. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால், நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குள் அது லைனைத் துண்டித்துவிடும். ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்குங்கள். அதில் உள்ள ‘டி’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தியதும் கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதை மாற்ற வேண்டும். இது உயிர் காக்கும் சாமான்தான் என்றாலும், ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொட்டால் இதற்குத் தெரியாது. எனவே ஒயரில் கீறல் இருந்தால் டேப் சுற்றி ஓட்டாமல் ஒயரையே மாற்றுங்கள். ஈரத்தில் நின்று எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது. மாட்டை வேறு இடத்தில் கட்டி, தரை காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

உடையிலும் கவனம் வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, அவிழ்த்துவிட்ட கூந்தல், தளர்ந்த கையுறை ஆகியவற்றைச் சுழலும் மெஷின் பிடித்து இழுத்துக்கொள்ளும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். லுங்கியைவிடக் கால்சட்டையும் ஷூவும் நல்லது. பக்கவாட்டிலும் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடியைப் பக்கத்தில் நிற்பவரும் போட வேண்டும்.

கட்டிங் மெஷினின் பொறி பல அடி தூரம் பறக்கும். வைக்கோல் போர், கீற்றுக் கூரை, பெட்ரோல் கேன் இவற்றிலிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும். பொறி வைக்கோலுக்குள் புகைந்து வெகுநேரம் கழித்தும் பற்றும் என்பதால், வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஒரு கண் வைத்திருங்கள்.

கேள்வி: கொட்டகையின் பழைய சிமென்ட் சீட்டை அளவாக அறுக்க எந்த வீல் நல்லது?
— வாசகர், பெருந்துறை

பதில்: எந்த வீலும் வேண்டாம். பழைய சிமென்ட் சீட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. கட்டிங் மெஷினில் அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத கல்நார்த் தூசி காற்றில் நிறையும். அது நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். துணியை மூக்கில் கட்டினால் நிற்காது. முடிந்தவரை அறுக்காமல் முழு சீட்டாகப் பயன்படுத்துங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் திறந்த வெளியில், தண்ணீர் ஊற்றி நனைத்து, கைரம்பத்தால் மெதுவாக அறுங்கள். சிதறிய தூளை ஈரத்தோடு அள்ளுங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.

கேள்வி: ட்ரில், கட்டிங் மெஷினுக்கு அரசு மானியம் உண்டா?
— வாசகர், செஞ்சி வட்டம்

பதில்: இவை வீட்டுப் பட்டறைக் கருவி என்பதால் வேளாண் இயந்திர மானியத்தில் வராது. பவர் டில்லர், களை எடுக்கும் பவர் வீடர், புதர் வெட்டும் பிரஷ் கட்டர் போன்றவற்றுக்குத்தான் மானியம். வேளாண்மை இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடக்கிறது. இதில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதமும் மற்றவர்களுக்கு 40 சதவிகிதமும், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உள்ள உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். உழவன் செயலியிலும் திட்ட விவரம் இருக்கிறது. வாங்கிய பிறகு போனால் மானியம் கிடைக்காது. முதலில் விண்ணப்பம், பிறகு கொள்முதல்.

எல்லோரும் எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. வெல்டிங் மெஷின், செயின் சா போன்றவை வருடத்தில் நாலைந்து நாள்தான் தேவைப்படும். மகளிர் குழுவோ உழவர் குழுவோ ஒன்று வாங்கி, ஓட்டத் தெரிந்த ஒருவர் பொறுப்பில் வைத்து, வாடகைக்கு விடலாம். யார் எடுத்தார், எந்த நிலையில் திருப்பினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் சண்டை வராது.

கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்ல:

1. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். அதில் இல்லாத மெஷினை வாங்க வேண்டாம்.
2. தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், கம்பெனி முகவரி. இரட்டைச் சதுரக் குறி அல்லது மூன்று முனை பிளக்.
3. சக்கை ஆட்டிப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்து வாங்குதல்.
4. கார்பன் பிரஷ்ஷை எடுத்துக் காட்டச் சொல்லுதல். பக்கத்து டவுனில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேட்டல்.
5. கட்டிங் மெஷின் என்றால் காப்பு உறை, பக்கக் கைப்பிடி, காலாவதியாகாத வீல்.
6. கண்ணாடிக்கும் நல்ல ஒயருக்கும் பணம் ஒதுக்கிய பிறகு மிச்சத்தில் மெஷின்.
7. வரிசை எண் எழுதிய பில். வாரன்டி அட்டையோடு சேர்த்து, நிலப்பட்டா வைக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.